இடது பின்சக்கரம்

கேக்குதுங்களா? பின்னாடி, இடது பக்கம். ஊம்ம்ம்முன்னு ஒரு மொனகல். பஸ்ஸு அம்பதைத் தாண்டினா வருது, குறைச்சா அடங்கிருது. கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்ணா. கேக்கலையா? அப்படித் தலையை ஆட்டாதீங்க. கேக்கலைன்னு சொல்றவங்களைக் கண்டா எனக்கு மண்டைக்கு ஏறிரும். அட, உக்காருங்க, உக்காருங்க, உங்களை நான் என்ன பண்ணப் போறேன். நீங்களும் கோயமுத்தூருதானா? நல்லதாப் போச்சு. ரெண்டு மணி நேரம் யாருகிட்டயாச்சும் பேசலைன்னா இன்னிக்கு நான் எதையாவது ஒடைச்சுருவேன்.

எம் பேரு சம்பத். கணபதியில பவுண்டரி வெச்சிருக்கேன், மோட்டாருக்கு பாடி ஊத்தறது. இருபத்தஞ்சு பேரு வேலை செய்யறாங்க. பஸ்ஸுல போற ஆளில்லைங்க நானு. ஸ்போர்ட்ஸ் காரு வெச்சிருந்தேன். ரெண்டே கதவு, செவப்புக் கலரு, தரையோட தரையாப் போகும். அவிநாசி ரோட்டுல அது போனா ஒருத்தன் விடாம திரும்பிப் பாப்பான். இப்ப அது சப்பளிஞ்சு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. லைசென்ஸையும் புடுங்கி வெச்சுட்டாங்க. சரி, அது கெடக்கட்டும்.

கோபியில மாமனார் ஊடு. சம்சாரத்தைக் கூப்புடப் போனேன். ரெண்டு மாசமா அங்கதான் இருக்கறா. வாறேன்னு சொல்லித்தான் வரச் சொன்னா. ஒண்ணே ஒண்ணு நீங்க எங்கப்பா முன்னாடி சொல்லணும், சொன்னா வாறேன்னா. போனேன். சொன்னேன். வரலை. பக்கத்துல பாருங்க, நீங்கதான் உக்காந்திருக்கீங்க. இதை யாருகிட்டப் போய்ச் சொல்லி அழறது?

எல்லாம் அந்தச் சத்தத்துல வந்த வினைங்க. சித்திரை மாசம் ஆரம்பிச்சுது. மொதல்ல லேசாத்தான், வண்டு பறக்கற மாதிரி. அப்பறம் வரவரப் பெருசாச்சு. வண்டியில பாட்டுப் போட முடியாது, போன் பேச முடியாது. அவ உக்கார்ற சீட்டுக்கு நேர் பின்னாடி இருந்துதான் வரும். "சுகந்தி, கேக்குதா?"ம்பேன். "கேக்குதுங்க"ன்னா கோவம் வரும், புது வண்டியில நொட்டம் சொல்றாளேன்னு. "கேக்கலைங்க"ன்னாலும் கோவம் வரும், பொய் சொல்றாளேன்னு. ஒரு நாளு இது ரெண்டையும் சொல்லாம ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்துட்டா. அது எல்லாத்தையும் விட மோசம். அன்னிக்கு ஒரு தட்டுத் தட்டினேன். சும்மா, லேசா. மூக்குத்தி திருகு கழண்டு விழுந்துருச்சு, அவ்வளவுதான். ஊட்டுக்கு ஊடு நடக்கறதுதானே. நீங்க தட்டினதில்லையா? சரி, சொல்ல வேண்டாம்.

டயர் கடைக்குப் போனேன். பாத்துட்டு, "டயரு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குங்க சார், பின்னாடி ரெண்டும் மாத்திரலாம்"னான். மாத்தினேன். சத்தம் போச்சு. ஆகா, தொல்லை விட்டுதுன்னு இருந்தேன். மூணே மாசம். மறுபடியும் அதே மொனகல், அதே எடம். கடைக்குப் போய் அவன் சட்டையைப் புடிச்சுச் சுவத்தோட சேத்து ரெண்டு அறை விட்டேன். பழைய டயரைப் புதுசுன்னு தலையில கட்டிட்டயாடான்னு. அவன் மூக்குக்கண்ணாடி ஒடஞ்சு கீழ விழுந்துது. குனிஞ்சு எடுத்துட்டு, "டயர் மேல தப்பில்லைங்க சார், வண்டியில என்னமோ இருக்குது, காட்டிக்கங்க"ன்னு அப்பவும் சார் போட்டுத்தான் பேசினான். அடி வாங்கினாத்தான் சில பேருக்கு உண்மை வருதுங்க. நான் பவுண்டரியில கண்ட அனுபவம் அது.

இன்னொருத்தன் பேரிங்குன்னான். பேரிங் மாத்தியாச்சு. சத்தம் போகலை. அவனை அடிக்கலை, நான் போன அன்னிக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிட்டான்.

அப்பறம்தான் எட்வின்னு ஒருத்தரைச் சொன்னாங்க. போத்தனூரு. அம்பத்தஞ்சு வயசிருக்கும், ஒல்லியான ஆளு, ரேஸ் வண்டிகளைப் பாத்துட்டு இருந்தவரு. அவரு கையை வெச்சா வண்டி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்குவாருன்னு பேரு. ஒரு சனிக்கிழமை காத்தால போனோம். பொள்ளாச்சியில என்ற அக்கா புள்ளைக்குச் சீரு, அதுக்குப் போற வழி. சீர்த்தட்டெல்லாம் பின்னாடி அடுக்கியிருக்குது, சுகந்தி பட்டுச்சேலையில இருக்கறா. அரை மணி நேரத்துல பாத்துட்டுக் கெளம்பிரலாம்னு நெனச்சேன்.

அந்தாளு வண்டியை ஓட்டிப் பாக்கவே இல்லைங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டிக் கீழ போட்டு, பக்கத்துல குந்தி உக்காந்து டயரை உள்ளங்கையில தடவினாரு. இப்படி ஒருக்கா, அப்படி ஒருக்கா. "சார், கையைக் குடுங்க"ன்னு என்ற கையைப் புடிச்சு வெச்சாரு. இந்தப் பக்கமாத் தடவினா வழுவழுன்னு போகுது. திருப்பித் தடவினா ரம்பப் பல்லுல தேய்க்கற மாதிரி கையைக் கிழிக்குது. "இந்தப் பல்லுதான் ரோட்டுல சத்தம் போடுது"ன்னாரு. அப்பறம் டயரைப் பொரட்டி உள் பக்கத்தைக் காட்டினாரு. வெளியில இருந்து பாத்தா நேத்து வாங்கின டயரு. உள்ளே ரெண்டு வெரக்கடை அகலத்துக்கு ரப்பரே இல்லை, கம்பி தெரியுது. மூணு மாசமா நின்னுட்டேதான் பாத்திருக்கேன், குனிஞ்சு பாக்கவே இல்லை.

சக்கரத்தை மறுபடி மாட்டி வண்டியை எறக்கி, ரெண்டு பக்கமும் நூலு கட்டினாரு. முன்னாடி இருந்து பின்னாடிக்கு வெள்ளை நூலு, கொத்தனாரு கட்டற மாதிரி. ஸ்கேலை வெச்சு அளந்துட்டு, திரும்பவும் ஜாக்கி போட்டு அந்த ஒரு சக்கரத்தைக் கழட்டிப் போட்டாரு. மூணு சக்கரம் நூலுக்கு ஒழுங்கா நிக்குதாம். இடது பின்சக்கரத்தைப் புடிக்கற இரும்புக் கை மட்டும் வளைஞ்சு, சக்கரம் வெளிப்பக்கமாப் பாத்துட்டு நிக்குதாம். "எத்தனை புது டயரு போட்டாலும் தின்னுரும் சார். எங்கயாச்சும் இடிச்சீங்களா?"ன்னாரு.

"இல்லை"ன்னேன்.

"குழியில எறங்கினா இப்படி வளையாதுங்க. பக்கவாட்டுல பலமா இடிச்சிருக்கணும்."

"இல்லைங்கறேன்ல."

ஸ்டூலுல உக்காந்திருந்தவ பேசினா பாருங்க. கண்ணாலமாகி பதினாலு வருசம். வெளியாளு முன்னாடி என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. "இடிச்சாருங்க. சித்திரை மாசம், தாராபுரம் ரோட்டுல, ஒரு பாலத்துச் செவுத்துல. நான் இடது பக்கம் உக்காந்திருந்தேன்"ன்னா. சேதி வாசிக்கற மாதிரிச் சொன்னா.

அந்தப் பாலம் பெரிய கதையொண்ணும் இல்லைங்ணா. ஒரு கண்ணாலத்துக்குப் போயிட்டு வந்தோம். எதுக்க ஒரு டிராக்டரு வந்துது, ஒதுங்கினேன், பின்னாடி லேசா ஒரசிருச்சு. பெயிண்டு கூட அதிகம் போகலை. அன்னிக்கே டச்சப் பண்ணியாச்சு. ஒரசினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதை ஒரு மெக்கானிக்குக்கு முன்னாடி சொல்லணுமா? நான் இல்லைன்னு சொன்னதுக்கப்பறம் சொல்லணுமா? என்னைப் பொய்யனாக்கிட்டாளேன்னு ரத்தம் கொதிச்சுது.

எந்திரிச்சுப் போய் ஒரு அறை விட்டேன். ஸ்டூலோட சாஞ்சுட்டா. கடையில ரெண்டு பேரு வேலையை நிறுத்திட்டுப் பாத்தாங்க. "ஏறுடி வண்டியில"ன்னேன். "சக்கரத்தை மாட்டுய்யா, நாங்க போகணும்"னேன்.

எட்வின் அந்த டயரு மேல ஒரு கையை வெச்சுட்டு, "மாட்ட மாட்டேன் சார்"னாரு. கத்திச் சொல்லலை. "கம்பி தெரியுது. வேகத்துல வெடிச்சா வண்டி இடது பக்கமாத்தான் இழுக்கும். நீங்க வேணும்னா ஆட்டோவுல போங்க. அந்த அம்மா இந்த வண்டியில ஏறக் கூடாது"ன்னாரு.

என்ற சம்சாரம் எதுல ஏறணும், ஏறக் கூடாதுன்னு சொல்றதுக்கு அவரு யாருங்க? நீங்களே சொல்லுங்க. உங்க ஊட்டுப் பொம்பளையை ஒரு மெக்கானிக்கு ஏறாதேன்னா நீங்க பாத்துட்டு நிப்பீங்களா? வீல் ஸ்பேனரு கீழ கெடந்துது. எடுத்தேன். "கையை எடு"ன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். எடுக்கலை. கை ரிம்மு மேல இருந்துது. போட்டேன்.

நான் ரிம்மைத்தான் அடிச்சேன். அவரு கையை எடுத்திருக்கணும்.

அந்தச் சத்தம் வேற மாதிரி இருந்துதுங்க. காய்ஞ்ச வெறகை முழங்கால்ல வெச்சு ஒடைப்பீங்கள்ல, அது. அந்தாளு கத்தலை. வாயைத் தொறந்தாரு, சத்தம் வரலை. ரத்தம் டயரோட உள் பக்கத்துல எறங்கி அந்தக் கம்பி மேல ஓடுச்சு. அவ என்ன பண்ணினா தெரியுங்களா? என்னைத் திரும்பிக் கூடப் பாக்கலை. பட்டுச்சேலை முந்தானையைக் கிழிச்சு, கீழ உக்காந்து, அந்தாளு கையில சுத்தினா. சீருக்குன்னு எடுத்த சேலை. வேற ஒருத்தன் கையில சுத்தறா. மயித்தைப் புடிச்சுத் தூக்கினேன். வண்டி வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். கதவைப் புடிச்சுட்டு விட மாட்டேங்கறா. வெரலு மேல கதவைச் சாத்தப் போனேன். அதுக்குள்ள அந்தாளு சம்சாரம் கொல்லையில இருந்து ஓடி வந்துது, நல்ல கனத்த பொம்பளை. கையில அம்மிக்கொழவி. "மேல கையை வெச்சீன்னா மண்டையைப் பொளந்துருவேன்"ன்னுது. சுகந்தியை இழுத்துட்டுப் போய் உள்ள வெச்சு தாழ்ப்பாள் போட்டுருச்சு. கடைப்பசங்க ரெண்டு பேரும் கம்பியோட நின்னுட்டாங்க.

நானே சக்கரத்தை மாட்டினேன். நானே ஜாக்கியை எறக்கினேன். கெளம்பிட்டேன். சீரு நேரத்துக்குப் போகணுமே. நம்ம சனம் என்ன பேசும்? நூத்திப்பத்துல போனேன், கோவம் இருந்துது பாருங்க. கிணத்துக்கடவுக்கு முன்னாடி பட்டுன்னு ஒரு சத்தம். வண்டி இடது பக்கமா இழுத்துது. ஸ்டேரிங்கை ஒடிக்கறேன், கேக்கவே இல்லை. புளியமரம். இடது கதவு உள்ள வந்து கியரு வரைக்கும் நிக்குது. அவ சீட்டு இருந்த எடத்துல சீட்டே இல்லை, ஒரு சாண் எடந்தான். எனக்கு இதோ, நெத்தியில நாலு தையல், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில படுத்துட்டு நெனச்சேன். நல்லவேளை அவளை நான் ஏத்தலை. ஏத்தியிருந்தா இன்னிக்கு அவளுக்குத் திதி குடுத்துட்டு இருந்திருப்போம். என்னால பொழைச்சா. இதை ஒருத்தராச்சும் சொல்லோணுமே? சொல்லலை. எட்வின் கேஸு குடுத்துட்டாரு. நாலு நாளு உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தேன். இவ போத்தனூருல இருந்தே நேரா கோபிக்குப் போயிட்டா.

மாமனாரு தங்கமான மனுசன். குழந்தைவேலுன்னு பேரு, கோபியில மஞ்சா மண்டி. அவருக்கு எப்பவும் நான்தான் பெருசு. இவ முன்னாடி ரெண்டு தடவை கோவிச்சுட்டுப் போனப்பவும் அவரே பஸ்ஸு ஏத்தி விட்டாரு. "மாப்பிள்ளை ஒழைக்கற மனுசன், கொஞ்சம் முன்கோவி. நீ கொஞ்சம் வாயைக் கட்டிட்டு இரு"ன்னு எனக்கு முன்னாடியே அவளுக்குச் சொன்னவரு. இந்தத் தடவையும் போன வாரம் போன் பண்ணினாரு. "அவகிட்டப் பேசிட்டேன் மாப்பிள்ளை. வந்து கூட்டிட்டுப் போங்க. அந்தப் பாலத்துக்கிட்ட என்ன நடந்துச்சுன்னு எங்க முன்னாடி நீங்க வாயால சொல்லணுமாம். சொன்னா வாறேங்கறா. டிராக்டரு வந்துது, ஒரசிருச்சுன்னு சொல்லீட்டு வாங்க, முடிஞ்சுது"ன்னாரு. என்ன ஒரு பெருந்தன்மை பாருங்க. பதிலையும் அவரே சொல்லிக் குடுத்துட்டாரு.

இன்னிக்குக் காத்தால போனேன். மல்லிகைப்பூ அஞ்சு மொழம், ஸ்வீட்டு ரெண்டு கிலோ. ஹாலுல மாமனாரு உக்காந்திருக்காரு. பக்கத்துல அவ பெட்டி, பூட்டி ரெடியா இருக்குது. மாமனாரே எடுத்து வெச்சிருக்காரு, அவரு அப்படித்தான். காப்பி வந்துது. உள்ள இருந்து அவ வந்தா, கூடவே எட்வினு. எனக்குச் சுருக்குன்னுது. அந்தாளைப் போத்தனூருல இருந்து வரச் சொல்லியிருக்கறா. கட்டு அவுத்தாச்சு. ஆனா மூணு வெரலு மடங்கலை. காப்பி டம்ளரை இடது கையில வாங்கினாரு. உள்ளங்கையில தொட்டாத் தெரியறதில்லையாம். சூடும் தெரியாதாம், சொரசொரப்பும் தெரியாதாம். மாமனாரு கேட்டதுக்குச் சொன்னாரு. என்னைப் பாத்துச் சொல்லலை, டம்ளரைப் பாத்துச் சொன்னாரு.

"சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னாரு மாமனாரு.

நான் ஆரம்பிச்சேன். "கண்ணாலத்துக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தோம். எதுக்க ஒரு டிராக்டரு..."ன்னேன். அவ என்னையே பாத்துட்டு இருந்தா. எட்வின்தான், "சார், டிராக்டருக்கு ஒதுங்கினா பிரேக்குல கால் போகும். முன்சக்கரம்தான் அடி வாங்கும். நான் பாத்தப்ப உங்க வண்டியில முன்னாடி ஒரு கீறலும் இல்லை. வண்டி தெரியாதவங்க ஓட்டினது போலச் சக்கரத்தைக் கொண்டு போய்..."ன்னு இழுத்தாரு.

வண்டி தெரியாதவன். என்னை. பதினெட்டு வயசுல இருந்து வண்டி ஓட்டறவன் நான். கருமத்தம்பட்டி ரேஸ் டிராக்குல ரெண்டு தடவை கப்பு வாங்கியிருக்கேன். ரெண்டு மாசமா அடக்கி வெச்சிருந்ததெல்லாம் வந்துருச்சுங்க.

"டிராக்டரும் இல்லை, ஒரு மசுரும் இல்லை"ன்னேன். "கண்ணாலத்துல அவ அத்தை மவன் கூட நின்னு சிரிச்சுட்டு இருந்தா. வண்டியில கேட்டேன், பதில் சொல்லலை. பாலத்தைப் பாத்தேன். இடது பக்கத்தைக் கொண்டு போய்ச் செவுத்துல வெச்சேன். வேணும்னுதான் வெச்சேன். எண்பதுல போறப்ப, முன்சக்கரம் தாண்டினதுக்கப்பறம் பின்சக்கரத்தை மட்டும் தொட வெக்கறதுன்னா சும்மாவா? இன்னும் நாலு வெரக்கடை ஒடிச்சிருந்தா கதவே போயிருக்கும், உம்மவளும் போயிருப்பா. கொல்லணும்னா கொன்னிருப்பேன். ஒரு பயம் காட்டினேன். அவ்வளவு கணக்கா ஓட்டறவனைப் பாத்து வண்டி தெரியாதுங்கறான்"ன்னேன்.

மாமனாரு என்னைப் பாத்தாரு. பதினாலு வருசத்துல அப்படி ஒரு தடவை கூடப் பாத்ததில்லை. டம்ளரைக் கீழ வெக்கப் போய்க் காப்பியைக் கொட்டிட்டாரு, வயசாயிருச்சில்லைங்களா.

"கேட்டீங்களாப்பா"ன்னா சுகந்தி. அழுகை இல்லை, சத்தம் இல்லை. "எனக்குத் தெரியும். நீங்கதான் நம்பலை."

மாமனாரு எந்திரிச்சாரு. அந்தப் பெட்டியைத் தூக்கினாரு. கனமான பெட்டி, அவரால முடியலை, எட்வின் இடது கையில ஒரு பக்கம் புடிச்சாரு. வாசலுக்குத்தான் கொண்டாறாங்கன்னு நான் செருப்பை மாட்டிட்டு நின்னேன். உள்ள கொண்டு போயிட்டாங்க. சுகந்தி பூவை எடுத்து ஸ்வீட்டு மேல வெச்சு, ரெண்டையும் என்ற கையில குடுத்துட்டுக் கதவைச் சாத்தினா. கோபி வெயிலு உங்களுக்குத் தெரியாததா. அந்த வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். கதவை ஒதைச்சேன். கல்லை எடுத்து ஜன்னல்ல ஒண்ணு விட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாம் வெளிய வந்து பாத்தாங்க. "போலீஸுக்குச் சொல்லட்டுங்களா?"ன்னு எவனோ கேட்டான். வந்துட்டேன்.

ஏனுங்ணா, நீங்க பெரியவங்க, ஞாயத்தைச் சொல்லுங்க. சொன்னா வாறேன்னாளா இல்லையா? சொன்னேனா இல்லையா? அவ கேட்ட மாதிரியே, ஒண்ணு விடாம, அப்பன் முன்னாடி சொன்னேன். இனி யாரை நம்பி உண்மை பேசறது? அந்த டிராக்டரையே சொல்லியிருந்தேன்னா, இந்நேரம் நீங்க உக்காந்திருக்கற எடத்துல அவ உக்காந்திருப்பா.